அறிவியலும் ஒரு நம்பிக்கையா? பீட்டா சிதைவின் வரலாற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மெய்ப்பிக்க இயலாத முற்கோள்களின்மீது அறிவியல் நிற்கின்றது; ஆதலின் அதுவும் ஒரு நம்பிக்கையே என்னும் வாதம் மெய்யியல் நூல்களிலும் பொது உரையாடல்களிலும் தொடர்ந்து முன்வைக்கப்படுகின்றது. இவ்வாதத்தின் முற்பகுதி உண்மை. அதிலிருந்து பிற்பகுதி பெறப்படாது. இதனை 1914 முதல் 1957 வரையிலான பீட்டா சிதைவு ஆய்வு வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. ஒரே இயற்கை நிகழ்வில் ஒரு முற்கோள் காக்கப்பட்டதும் மற்றொன்று கைவிடப்பட்டதும் ஒப்பிடப்படுகின்றன. மணிமேகலையின் அளவை விவாதமும், திருக்குறளின் ‘தெளிதல்’ என்னும் கருத்தும், கீழடிக் காலக்கணிப்பும் இவ்வாய்வுக்குத் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: முற்கோள், நம்பிக்கை, தெளிதல், அனுமானம், பீட்டா சிதைவு, கதிரியக்கக் கார்பன், மணிமேகலை.

முன்னுரை

‘அறிவியலும் ஒரு நம்பிக்கைதான்’ என்னும் கூற்றைப் பகுத்தறிவுக்குப் புறம்பான கூற்றென எளிதில் தள்ளிவிட முடியாது. வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலானி 1958இல் வெளியிட்ட தம் நூலில், ஆய்வாளரின் சொந்த ஈடுபாடும் பற்றுறுதியும் இன்றி அறிவியல் அறிவு உருவாவதில்லை என்று விரிவாக வாதிட்டார். இயற்பியலாளர் பால் டேவிஸ் 2007இல் எழுதிய இதழ்க் கட்டுரை ஒன்றில், இயற்கை ஒழுங்குடையது என்னும் எண்ணத்தை அறிவியல் நம்பிக்கையாகவே ஏற்றுத் தொடங்குகின்றது என்றார். இவர்கள் அறிவியலின் பகைவர் அல்லர். அதன் உள்ளிருந்து பேசியவர்கள்.

எனினும் இக்கூற்று பொது உரையாடலில் பயன்படும் முறை வேறு. ‘உங்களுடையதும் நம்பிக்கை, எங்களுடையதும் நம்பிக்கை, எனவே இரண்டும் சமம்’ என்னும் முடிவுக்கு அது படிக்கல்லாகின்றது. இம்முடிவை ஏற்றால், சான்று காட்டும் கடமையிலிருந்து எல்லாத் துறையினரும் ஒருசேர விடுபட்டுவிடுவர். ஆதலின் வாதத்தின் அமைப்பை முதலில் ஆராய வேண்டும்.

1. வாதத்தின் அமைப்பு

இவ்வாதம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யில் இறுதியாகப் பேசுபவன் பூதவாதி. காட்சியொன்றே அளவை, அனுமானம் கொள்ளத்தக்கதன்று என்பது அவன் நிலைப்பாடு. தன் முற்பிறப்பை அறிந்தவளான மணிமேகலை அவன் கூற்றைக் கேட்டு நகைக்கின்றாள். அவ்வறிவு மயக்கமேயன்றி வேறில்லை என அவன் மறுக்கின்றான். அப்போது அவள், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று வினவுகின்றாள்.

இம்மறுமொழியில் இரண்டு கூறுகள் உள்ளன. அனுமானம் இன்றி யாரும் ஒருநாளும் வாழ இயலாது என்பது முதற்கூறு. இது மறுக்க முடியாதது. பூதவாதியும் அனுமானத்தைச் சார்ந்திருப்பதால் தன் முற்பிறப்பு அறிவை அவன் மறுக்க இயலாது என்பது அதனுள் அடங்கிய இரண்டாம் கூறு. இது முதற்கூறிலிருந்து தானாகப் பெறப்படுவதில்லை. தாய் தந்தையரைப் பற்றிய அனுமானத்தைச் சுற்றத்தார், ஊரார், உருவ ஒப்புமை எனப் பல வழிகளில் சரிபார்க்கலாம். முற்பிறப்பு அறிவுக்கு அத்தகைய பொது வழிகள் உண்டா என்பது தனியே விடை காண வேண்டிய வினா. ‘அறிவியலும் நம்பிக்கையே’ என்னும் இக்கால வாதமும் இதே அமைப்புடையது. முதற்கூறின் வலிமையை இரண்டாம் கூறுக்குக் கடனாகத் தருவதே அதன் செயல்முறை.

முதற்கூறின் வலிமை கருதத்தக்கது. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதற்குப் புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் உடனிகழ்ச்சி வேண்டும். கண்டவை சில அடுக்களைகளே. காணாத இடங்களுக்கும் இனி வரும் காலத்திற்கும் அது பொருந்தும் என்பதைக் காட்சியால் நிறுவ இயலாது. அனுமானத்தால் நிறுவினால் சுழற்சிக் குற்றம் நேரும். உலகாயதர் எழுப்பியதாகப் பிற்கால வடமொழித் தொகுப்பு நூல்கள் கூறும் இத்தடையையே, 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் தொகுத்தறிதலைப் பற்றிய ஐயமாக எழுப்பினார். இத்தடைக்கு அனைவரும் ஒப்பும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

2. ‘நம்பிக்கை’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு

வாதத்தின் நடுவே நிற்கும் சொல் ‘நம்பிக்கை’. தமிழில் இச்சொல் கடவுட்பற்று, ஒருவர்மீது கொள்ளும் உறுதி, நாளை நன்றாக அமையும் என்னும் எதிர்பார்ப்பு, ஒரு கூற்றை உண்மையெனக் கொள்ளுதல் ஆகிய அனைத்தையும் குறிக்கும். நான்கு பொருளையும் ஒரு சொல் சுமப்பதால், ஒன்றைப் பற்றி நிறுவியது மற்றொன்றுக்கும் நிறுவப்பட்டதாகத் தோன்றிவிடுகின்றது.

ஆயின் இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் உள்ளன. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’. அங்குத் ‘தெளிதல்’ என்பது ஆராய்ந்தபின் ஒருவரை நம்புதலைக் குறிக்கும். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு சோதனைகளை அவ்வதிகாரத்தின் முதற்குறள் வகுக்கின்றது. ‘தேறு’ என்னும் வினையிலிருந்து பிறந்த ‘தேற்றம்’ தொல்காப்பியத்தில் ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாக உறுதியைக் குறிக்கின்றது. இன்றைய கணிதப் பாடநூல்களில் நிறுவப்பட்ட முடிவின் பெயராக வழங்குகின்றது. தேறாத நம்பிக்கைக்கும் தேறிய தெளிவுக்கும் இடையே மொழி வைத்த எல்லையை ‘எல்லாம் நம்பிக்கையே’ என்னும் தொடர் அழித்துவிடுகின்றது.

வள்ளுவரின் தெளிதலும் அறிவியலின் தெளிதலும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். ஆராயாது நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிபு. ஆள்வினைக்கு அது பொருந்தும். அறிவியலிலோ தெளிந்தபின்னும் ஐயுறும் உரிமை நீங்குவதில்லை. அவ்வுரிமை ஏட்டளவில் நிற்பதா, நடைமுறையில் செயற்படுவதா என்பதே உண்மையான வினா. அதற்கு விடை வரலாற்றில் தேடப்பட வேண்டும்.

3. காக்கப்பட்ட முற்கோள்

சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை வெளியேற்றி வேறொரு தனிமத்தின் அணுக்கருவாக மாறுவது பீட்டா சிதைவு எனப்படும். தொடக்கக் கருவுக்கும் முடிவுக் கருவுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு குறிப்பிட்ட ஓர் அளவு. ஆற்றல் அழியாது என்னும் விதிப்படி வெளிவரும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் அவ்வளவு ஆற்றலைப் பெற்றிருக்க வேண்டும். 1914இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டது வேறு: எலக்ட்ரான்கள் ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டுத் தொடர்ச்சியான பல ஆற்றல் அளவுகளுடன் வெளிவந்தன.

எலக்ட்ரான்கள் வெளியேறும் வழியில் ஆற்றலை இழக்கக்கூடும் என லீஸ் மைட்னர் கருதினார். அவ்வாறாயின் இழந்த ஆற்றல் வெப்பமாகப் பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1927இல் எல்லிஸ், வூஸ்டர் ஆகிய இருவரும் ரேடியம்-ஈ என்னும் பிஸ்மத் ஐசோடோப்பின் சிதைவு வெப்பத்தை அளந்தனர். உச்ச ஆற்றல் ஏறத்தாழ 10.5 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்; அளவீட்டில் சிதைவு ஒன்றுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 3.5 இலட்சம் மட்டுமே. மைட்னர் தாமே சோதனையைத் திரும்பச் செய்து அம்முடிவை உறுதிப்படுத்தினார். எஞ்சிய ஆற்றல் எங்குச் சென்றது என்பது தெரியவில்லை.

இரண்டு வழிகள் இருந்தன. அணுக்கருவினுள் ஆற்றல் அழியா விதி தனித்தனி நிகழ்வுகளுக்குப் பொருந்தாமல், சராசரி அளவில் மட்டும் பொருந்தலாம் என்றார் நீல்ஸ் போர். காணப்படாத, மின்னூட்டமற்ற ஒரு துகள் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு செல்கின்றது என்றார் வோல்ஃப்காங் பவுலி. 1930 டிசம்பர் 4ஆம் நாள் டூபிங்கனில் கூடியிருந்த ஆய்வாளர்களுக்கு எழுதிய மடலில், வேறு வழியின்றிச் செய்யும் முயற்சியாகவே அவர் அதனை முன்வைத்தார். அத்துகளே பின்னர் நியூட்ரினோ எனப் பெயர் பெற்றது. 1934இல் பெதே, பையர்ல்ஸ் ஆகியோர் கணக்கிட்டபோது, அத்துகள் பிற பொருளோடு வினைபுரியும் வாய்ப்பு மிகமிகச் சிறியதென்றும் அதனைக் காண நடைமுறை வழியே இல்லையென்றும் தெரிந்தது.

‘அறிவியலும் நம்பிக்கையே’ என்பார்க்கு இதனினும் வலிய சான்று கிடைப்பது அரிது. அளவீடு விதிக்கு எதிராக நின்றது. விதியைக் காக்கக் காணப்படாத ஒரு பொருள் கற்பிக்கப்பட்டது. அதனைக் காணவும் முடியாது என்று கணக்குக் கூறியது. ஒரு சோதனை முடிவு எந்த முற்கோளைத் தாக்குகின்றது என்பதை ஏரணம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று பியர் டூயெம் 1906இலேயே காட்டியிருந்தார். பொய்ப்பிக்கப்பட்ட கோட்பாடு உடனே வீழும் என்னும் எளிய சித்திரம் இங்குப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, விதியைக் கைவிடலாம் என்று கூறிய போர் தம் காலத்து இயற்பியலின் தலையாய அறிஞர். அதற்காக அவர் எவராலும் விலக்கப்படவில்லை. 1924இலும் இத்தகைய கருத்தை வேறொரு சூழலில் முன்வைத்து, 1925இல் வந்த சோதனைகளுக்குப் பின் அவர் அதனைக் கைவிட்டிருந்தார். இரண்டாவது, இரு வழிகளும் வெவ்வேறு விளைவுகளைக் கூறின. ஆற்றல் சராசரியில் மட்டுமே காக்கப்படுமாயின், எலக்ட்ரானின் ஆற்றலுக்குத் திட்டமான உச்ச வரம்பு இருக்க வேண்டிய தேவையில்லை. அளவீடுகளோ அவ்வரம்பைக் காட்டின. பவுலியின் துகளைக் கொண்டு ஃபெர்மி வகுத்த கோட்பாடு ஆற்றல் பரவலின் வடிவத்தை விளக்கியது. 1936இல் போர் தம் ஐயத்தை விலக்கிக்கொண்டார். 1956 ஜூன் மாதம், அமெரிக்காவின் சவானா ஆற்று அணு உலை அருகே நியூட்ரினோவைக் கண்டறிந்த ரைன்ஸ், கோவன் ஆகியோர் பவுலிக்குத் தந்தி அனுப்பினர். கருத்து முன்வைக்கப்பட்டு அப்போது 26 ஆண்டுகள் நெருங்கியிருந்தன.

4. கைவிடப்பட்ட முற்கோள்

முற்கோள் ஒன்று வென்றதை மட்டும் காட்டினால், வென்றவற்றை மட்டுமே வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது என்று மறுக்கலாம். அம்மறுப்புக்கு அதே பீட்டா சிதைவே விடை தருகின்றது.

ஓர் இயற்கை நிகழ்வும் கண்ணாடியில் தெரியும் அதன் இடவல மாற்ற வடிவமும் ஒரே விதிகளுக்கு உட்பட்டவை என்பது இடவலச் சமச்சீர்மை எனப்பட்டது. ஈர்ப்பிலும் மின்காந்தத்திலும் அது பொருந்தியது. எனவே எங்கும் பொருந்தும் என்று கொள்ளப்பட்டது. 1956இல் சுங்-டாவ் லீ, சென்-நிங் யாங் ஆகியோர் அதுவரை வெளிவந்த சோதனைகளை ஆராய்ந்தபோது, பீட்டா சிதைவு முதலிய வலுக்குறைந்த இடைவினைகளில் இம்முற்கோள் ஒருமுறையேனும் சோதிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. இயற்பியல் உலகு ஆராயாது நம்பியிருந்தது என்பதே அவர்தம் கட்டுரையின் உட்பொருள்.

சியன்-ஷியுங் வூ வாஷிங்டனில் இருந்த தேசியத் தர அளவைக் கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, கோபால்ட்-60 கருக்களைக் கெல்வின் அளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வெப்பநிலைக்குக் குளிர்வித்து, காந்தப்புலத்தால் ஒரே திசையில் நிறுத்தினார். சமச்சீர்மை உண்மையாயின் எலக்ட்ரான்கள் இரு புறமும் சமமாக வெளிவர வேண்டும். ஒரு புறமே மிகுதியாக வந்தன. 1957 சனவரியில் முடிவு உறுதியாயிற்று. அதே மாதம் வேறு முறையில் நடந்த மற்றொரு சோதனையும் அதனை உறுதிப்படுத்தியது.

அச்செய்தி தம்மை எட்டுவதற்குச் சில நாள்கள் முன்னர்ப் பவுலி ஒரு நண்பருக்கு எழுதிய மடலில், இயற்கை இவ்வாறு இடப்பக்கம் சாயும் என்பதை ஏற்க மறுத்து, பெருந்தொகை பந்தயம் கட்டவும் அணியமாக இருந்தார். முடிவு வந்தபின், பந்தயம் கட்டாமல் தப்பித்ததாக எழுதினார். ஓர் ஆண்டுக்குள் அவர் பற்றியிருந்த ஒரு முற்கோள் காக்கப்பட்டது, மற்றொன்று வீழ்ந்தது. அவருடைய உளவுறுதி இரண்டிலும் ஒன்றே. எனவே ஆய்வாளரின் உள்ளத்தை மட்டும் நோக்கினால் அறிவியலுக்கும் பற்றுறுதிக்கும் வேறுபாடு காண முடியாது என்னும் போலானியின் கருத்து ஓரளவு மெய்யாகின்றது. வேறுபாடு உள்ளத்திற்கு வெளியே உள்ளது. அவர் பற்றிய முற்கோள் தவறாயின் எது நிகழும் என்பது முன்கூட்டியே கூறப்பட்டிருந்தது. அது நிகழ்ந்தபோது அவருடைய பெயரும் நோபல் பரிசும் அம்முற்கோளைக் காக்கவில்லை.

5. சோதனையும் ஐயத்திற்குரியது

இதனால் சோதனை எப்போதும் இறுதி நடுவர் என்று கொள்வதும் பிழையாகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ஜார்ஜ் சுதர்சன், தம் ஆசிரியர் மார்ஷாக்குடன் இணைந்து 1957இல் வலுக்குறைந்த இடைவினைக்கு ஒரு பொதுக் கோட்பாட்டை வகுத்தார். வெளியாகியிருந்த நான்கு சோதனை முடிவுகள் அதற்கு முரணாக இருந்தன. அச்சோதனைகளே பிழையாக இருக்க வேண்டும். அவை திரும்பச் செய்யப்பட வேண்டும் என்று அவர்கள் கூறினர். திரும்பச் செய்தபோது கோட்பாடே நின்றது.

கோட்பாட்டுக்காகச் சோதனையை ஐயுறுவது நம்பிக்கையாளரின் செயல்போல் தோன்றலாம். ஆயின் எந்தச் சோதனைகள் என்பதை அவர்கள் பெயர் சுட்டிக் கூறினர். அவை மீண்டும் அதே விடையைத் தந்திருந்தால் தம் கோட்பாடு நில்லாது என்பதையும் அறிந்திருந்தனர். ஐயத்தைச் சோதனைப் பக்கம் திருப்பும்போதும் இழப்புக்குத் தம்மை உட்படுத்தியமையே இங்கு நோக்கத்தக்கது.

6. எஞ்சி நிற்கும் முற்கோள்

ஆற்றல் அழியா விதியும் இடவலச் சமச்சீர்மையும் சோதனைக்கு உட்பட்டன. நேற்றைய ஒழுங்கு நாளையும் தொடரும் என்னும் முற்கோளை எச்சோதனையால் ஆராய்வது? எச்சோதனையும் அதனை முன்னரே ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றது. வூவின் சோதனையை வேறிடத்தில் திரும்பச் செய்து பார்க்கலாம் என்பதற்கும் அதுவே அடிப்படை. ஹியூமின் ஐயம் இங்கு முழு வலிமையோடு நிற்கின்றது.

ஹான்ஸ் ரைக்கன்பாக் 1938இல் தந்த விடை இதனை மெய்ப்பிக்க முயலவில்லை. மீன் உண்டா என்று தெரியாத கடற்பகுதியில் மீனவன் வலை வீசுவதுபோன்றது தொகுத்தறிதல் என்றார் அவர். இயற்கையில் ஒழுங்கு இருக்குமாயின் இவ்வழி அதனைக் கண்டறியும். இல்லையாயின் வேறெவ்வழியும் கண்டறியாது. இவ்விடை முற்றானதன்று. வலையின் கண்களுக்கு ஏற்ற மீன்களே அகப்படும் என்னும் மறுப்பு அதற்கு எதிராக நிற்கும். எனினும் ஒரு செய்தி தெளிவாகின்றது: இம்முற்கோள் அறிவியலுக்கு மட்டும் உரிய கடனன்று. அடுப்பு மூட்டுபவரும், விதைப்பவரும், மறைநூலின் எழுத்து நேற்றிருந்தவாறே இன்றும் இருக்கும் என எடுத்து ஓதுபவரும் அதே கடனைப் பட்டவர்களே. அனைவர்க்கும் பொதுவான ஒன்றைக் காட்டி ஒரு சாராரை மட்டும் குற்றஞ்சாட்ட இயலாது. அதனைக் காட்டி மற்றொரு சாராரின் தனிக் கூற்றுகளுக்கு வலிமை சேர்க்கவும் இயலாது.

7. கீழடிக் கரித்துண்டு

இவ்விவாதம் தமிழாய்வுக்குத் தொலைவானதன்று. கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. இக்கணிப்புக்கு அடிப்படை கார்பன்-14இன் பீட்டா சிதைவு. பவுலியும் வூவும் ஆராய்ந்த அதே வகை நிகழ்வே இங்குக் காலங்காட்டியாகின்றது.

இம்முறை தொடங்கியபோது அதனிடத்தும் ஆராயப்படாத முற்கோள் இருந்தது. வளிமண்டலத்தில் கார்பன்-14இன் விகிதம் எக்காலத்தும் மாறாதது என லிப்பி கொண்டிருந்தார். காலம் தெரிந்த எகிப்தியப் பொருள்களைக்கொண்டு 1949இல் அவர் அதனைச் சரிபார்க்கவும் செய்தார். 1958இல் டி விரீஸ் அவ்விகிதம் மாறியுள்ளது எனக் காட்டினார். முற்கோள் வீழ்ந்தது, முறை வீழவில்லை. மரங்களின் ஆண்டு வளையங்களைக்கொண்டு அளவுத்திருத்த வளைகோடு உருவாக்கப்பட்டது. அவ்வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால், அக்காலத்து மாதிரிகளின் கணிப்பை ஒற்றை ஆண்டாகக் கொள்ளாமல் ஒரு கால இடைவெளியாகவே படிக்க வேண்டும். இவ்வெச்சரிக்கையை முன்வைப்பதும் அதே முறைதான்.

சிதைவின் வேகம் அன்றும் இன்றும் ஒன்றா என்னும் வினா எஞ்சும். 1987இல் காணப்பட்ட மீவிண்மீன் வெடிப்பின் ஒளி, கோபால்ட்-56இன் 77 நாள் அரைவாழ்வுக்கு இசையவே தேய்ந்தது. அவ்வொளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 1,68,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. வலுக்குறைந்த இடைவினையால் நிகழும் சிதைவின் வேகம் அவ்வளவு தொலைவிலும் அவ்வளவு பழைய காலத்திலும் வேறுபடவில்லை என்பதற்கு இது சான்று. மெய்ப்பிப்பு என்று இதனைக் கூற இயலாது. தெளிதற்குரிய சான்று என்று கூறலாம்.

‘அறிவியலும் நம்பிக்கையே’ என்பதைத் தமக்கு வசதியான இடத்தில் மட்டும் பயன்படுத்துவார்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அக்கூற்று உண்மையாயின், தமிழின் தொன்மைக்குக் காட்டப்படும் கரித்துண்டும் ஒரு நம்பிக்கையாகச் சுருங்கும். அதனை மறுப்பார் கூற்றும் அதற்குச் சமமாகிவிடும்.

முடிவுரை

அறிவியல் மெய்ப்பிக்க இயலாத முற்கோள்களின்மீது நிற்கின்றது என்பது ஏற்கத்தக்கது. ஆய்வாளர்கள் சான்று முழுமையாகக் கிடைக்கும் முன்னரே முற்கோள்களைப் பற்றிக்கொள்கின்றனர் என்பதும், அவற்றுள் சில ஆராயப்படாமலே நெடுங்காலம் நிலவுகின்றன என்பதும் வரலாறு காட்டும் உண்மைகள். ஆயின் ஆற்றல் அழியா விதி கேள்விக்குள்ளாகி நின்றது. இடவலச் சமச்சீர்மை கேள்விக்குள்ளாகி வீழ்ந்தது. கார்பன் விகிதம் பற்றிய முற்கோள் திருத்தப்பட்டது. தவறாயின் எதை இழக்க நேரும் என்று முன்னரே கூறி, இழக்க நேரும்போது இழக்கும் இவ்வியல்பே அவற்றைத் தேறாத நம்பிக்கையிலிருந்து பிரிக்கின்றது.

இவ்வளவுகோல் இயற்பியலுக்கு மட்டும் உரியதன்று. நூலின் காலம், பாட வேறுபாடு, சொற்பிறப்பு ஆகியவற்றைத் துணியும் தமிழாய்வும் முற்கோள்களோடுதான் தொடங்குகின்றது. எந்தச் சான்று கிடைத்தால் தம் முடிபைக் கைவிடுவர் என்பதை அவ்வாய்வாளர் கூற முடியுமாயின் அம்முடிபு தெளிவின்பாற்படும். கூற இயலாதாயின் அது நம்பிக்கை என்னும் பெயருக்கே உரியதாகும்.